துடைச்சுப் பாரு!

லேப்டாப்பில் டிவிடி ஓடாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ரொம்ப எளிய வழி இருக்கிறது. ஆனால் முதலில் இந்தத் துடைக்கும் பஞ்சாயத்தைத் தீர்த்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வயிறு எரிகிறது.

சித்தப்பா தன் மகளின் கல்யாண டிவிடியோடு வந்திறங்கினார். குடும்பத்திலேயே டிரைவ் உள்ள கடைசி லேப்டாப் என்னுடையது. இது எப்படியோ ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. டிஸ்க்கைப் போட்டேன். கர்ர் என்று சுற்றி, முனகி, நின்றது. சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த மொத்தச் சொந்தமும் ஒரே குரலில், "துடைச்சுப் பாருப்பா!"

டிரைவ் பழையதா, லென்ஸில் தூசியா, எடிட்டிங் செய்தவர் ஃபைனலைஸ் பண்ண மறந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்மவர்களுக்கு டிஸ்க் என்றால் துடைக்க வேண்டும்.

சித்தப்பா ஊதித் துடைக்கும் கட்சி. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் "ஹா" என்று ஊதி, வேட்டி நுனியால் வட்ட வட்டமாக, இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி தேய்த்தார். "வட்டமா தேய்க்கக் கூடாது சித்தப்பா" என்றேன். டிவிடியில் தகவல் நடுவில் தொடங்கி விளிம்பு நோக்கிச் சுருள் சுருளாகப் போகிறது. வட்டமாகத் தேய்த்து விழும் கீறல் அந்தப் பாதையோடே நீண்டு, ஒரு பெரிய துண்டை ஒட்டுமொத்தமாக விழுங்கிவிடும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால், கீறல் விழுந்தாலும் பாதைக்குக் குறுக்கேதான் விழும். அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகளைப் பிழைதிருத்தும் கணக்கு ஈடுகட்டிவிடும். இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் வி.சி.ஆர் ஹெட்டைத் துடைச்சவன்டா" என்றார்.

அடுத்து மாமியாரின் முந்தானை. சற்று முன்புதான் அதில் வடைச்சட்டியைப் பிடித்து இறக்கியிருந்தார். மனைவி மூக்குக்கண்ணாடித் துணி கொண்டுவந்தாள். அதை மடிப்பதற்குள் மச்சான் பற்பசை என்றான். எந்தப் பற்பசை என்பதில் கொஞ்ச நேரம் தகராறு. எதிர்வீட்டுக்காரர் வாழைப்பழத் தோலோடு வந்தார். பழத்தை முதலிலேயே சாப்பிட்டுவிட்டிருந்தார், ஆக நஷ்டம் எங்களுக்குத்தான். இதற்கிடையில் யாரோ ஈரத் துணியால் மேல்பக்கத்தை அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். தகவல் படிக்கிற பக்கமே அது இல்லை. மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம். மாப்பிள்ளை முகம் பளிச்சென்று ஆனது, அவ்வளவுதான்.

நல்ல டிஸ்க்காவது ஓடுமா என்று பார்க்க, அமெரிக்காவிலிருந்து தம்பி வாங்கி வந்த படத்தைப் போட்டேன். வேறு ரீஜன் என்றது. என் கோபம் இங்கேதான் நிஜமாகிறது. உலகத்தை ஆறாக வெட்டி, அமெரிக்காவுக்கு 1, நமக்கு 5 என்று எண் போட்டவர்கள் யார்? படக் கம்பெனிகள். டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்றலாம். அதன்பிறகு கடைசியாக வைத்ததோடு பூட்டிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கியவனுக்கு இந்தக் கதி. திருட்டு டிஸ்க் வாங்கியவன் எந்த ரீஜனிலும் நிம்மதியாகப் பார்த்தான். 1999-இல் டிவிடியின் பூட்டை உடைக்கும் நிரலை வெளியிட்டவர்களில் ஒருவரான நார்வேயின் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது 15 வயது. சொந்தமாக வாங்கிய படத்தைத் தன் கணினியில் பார்க்க வழி செய்ததற்காக வழக்கு. 2003-இல் விடுதலையானார். அவர் வீட்டிலும் யாராவது துடைக்கச் சொல்லியிருப்பார்கள், வெறுத்துப்போய்த்தான் நிரல் எழுதப் போயிருப்பார் என்பது என் கட்சி.

என்ன சொல்ல வந்தேன்? ஆமாம், எளிய வழி. அதற்குள் சித்தப்பா, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கல்யாண டிஸ்க்கை ஈரம் காயாமலே உள்ளே தள்ளிவிட்டார். ஸ்டிக்கர் ஊறிப் புடைத்து, ட்ரே திறக்க மாட்டேன் என்கிறது. இதற்கென்றே டிரைவின் முகப்பில் குட்டியாக ஓர் ஓட்டை வைத்திருக்கிறார்கள். நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை விட்டு அழுத்தினால் ட்ரே வெளியே வரும். ஒரு கிளிப் கேட்டேன். ஆளுக்கொரு துணியோடு ஓடிவந்த கூட்டத்தில் ஒருவர்கூட சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.