பாயிரம் பாட உரியவர்கள்

என் சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழா அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இது புத்தக வெளியீடா, பழைய மாணவர் சங்கக் கூட்டமா?" என்றாள். கேட்டதில் நியாயம் இருந்தது. தலைமை, எனக்குத் தமிழ் நடத்திய ஐயா. வெளியிடுபவன் என்னோடு எம்.ஏ. படித்தவன். பெற்றுக்கொள்பவள் என்னிடம் படித்தவள். நன்றியுரைக்காரர்கூட ஐயாவின் மாணவர்தான், எங்களுக்கு நாலு வருஷம் சீனியர்.

நான் அசராமல் நன்னூலை எடுத்து வந்து காட்டினேன். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் பாட உரியவர் யார் யார் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் வகுத்துவிட்டார்: நூல் செய்தவனுடைய ஆசிரியன், கூடப் படித்தவன், மாணவன், உரைகாரன். வெளியாள் என்று பார்த்தால் உரைகாரன் ஒருவன்தான். அவனும் தகுந்தவனாக இருக்க வேண்டுமாம். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரே தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பதுதான் மரபு.

"அப்ப அந்தக் காலத்துலயே இப்படித்தானா?" என்றாள்.

அதற்குப் பிறகும் இப்படித்தான் என்றேன். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் வேலையிலிருந்து விலகிய தியாகராச செட்டியார், தன் இடத்துக்கு உ.வே.சாமிநாதையரைக் கைகாட்டினார். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள். இன்றைக்கென்றால் 'ஒரே செட்டு' என்று டீக்கடையில் பேசியிருப்போம். அங்கே போனதால்தான் ஐயர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார்; அவர் தூண்டியதில் 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. எங்கள் செட்டு இதுவரை எதையும் அச்சேற்றவில்லை, என் தொகுப்பைத் தவிர.

அந்தத் தொகுப்பைத்தான் அணிந்துரைக்காக ஐயாவிடம் கொடுத்திருந்தேன். பதினைந்தே நாளில் திரும்பி வந்தது. அணிந்துரையைக் காணோம். வலி மிகும் இடம், மிகா இடமெல்லாம் சிவப்பு மையில் சுழித்திருந்தார். கதாநாயகி வாய்விட்டு அழும் இடத்தில், ஓரத்தில், 'கேள்விக்குரிய விடை இல்லை' என்ற குறிப்பு. கடைசிப் பக்கத்தில் 100க்கு 41. முப்பது வருஷத்துக்கு முன் இலக்கணத் தாளுக்கு 43 போட்டவர். எனக்கு இப்போது வயது 52. இரண்டு மார்க் இறங்கியிருக்கிறேன்.

காலில் விழுந்து கேட்டபின் அணிந்துரை வந்தது. நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் ஐயாவின் ஆசிரியரைப் பற்றியது. மிச்சத்தில் என் பெயர் ஒருமுறை வந்தது, ஒற்றுப்பிழையோடு. அதைச் சுழிக்க எனக்குத் துணிவில்லை.

மதிப்புரை எழுதியவள் என் முன்னாள் மாணவி. அகமதிப்பீட்டில் அவளுக்கு 25க்கு 11 போட்டதை நான் மறந்தே போயிருந்தேன். அவள் மறக்கவில்லை என்பது மூன்றாவது பத்தியில் தெரிந்தது.

விழாவில் அரங்கு நிறைந்த கூட்டம். எல்லாம் இரண்டாமாண்டுப் பிள்ளைகள். வருகைப்பதிவு உண்டு என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

பாயிரம் பாட உரியவர்களைச் சொன்ன பவணந்தியார், புத்தகம் வாங்க உரியவர்களைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அச்சடித்தது 300. கட்டிலுக்கடியில் இருப்பது 212. எனக்குப் பாடம் நடத்தாதவர்கள், என்னோடு படிக்காதவர்கள், என்னிடம் மார்க் வாங்காதவர்கள் யாராவது இருந்தால் ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். தபால் செலவு என்னுடையது.