டிக்கிக்குள் ஒரு கன அடி

எங்கள் செம்பூர் வீட்டில் நான் சத்தமாகப் பாட்டுக் கேட்க முடியாது. இருப்பது ஒரு படுக்கையறை. அதில் பையனின் ஆன்லைன் டியூஷன். ஹாலில் மாமியாரின் சீரியல். பால்கனியை எப்போதோ அடைத்து அரிசி டிரம்மைக் குடிவைத்தாயிற்று. ஆக, இந்த ஊரில் எனக்கென்று கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற ஒரே அறை என் டிசயர் கார்தான். ஆபீஸ் போக, வர, தினமும் இரண்டரை மணி நேரம் அதில்தான் வசிக்கிறேன்.

அந்த அறையில் ஒரு குறை. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் இறங்கும் இடங்களில் கார் ஸ்பீக்கர்கள் ஜலதோஷம் பிடித்த மாதிரி முனகின. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்கு 41 தடவை அதிரும். கதவில் இருக்கும் ஆறரை இன்ச் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெம்பு கிடையாது. இதை எனக்குச் சொன்னவன் அக்கா மகன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். “ஒரு சப்வூஃபர் போட்டுடலாம் மாமா” என்றான். லேமிங்டன் ரோட்டுக்குப் போய், பன்னிரண்டு இன்ச்சில் ஒன்றை வாங்கினோம். புளிக்குழம்பு வைக்கிற சட்டி அளவு, அம்மிக்கல் கனம்.

“பெட்டி?” என்றேன்.

“அதை நாமதான் டிசைன் பண்ணணும் மாமா. கதையே அதுலதான் இருக்கு.”

கதை இதுதான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் நேர் எதிர். தாழ்ந்த சுருதியில் இரண்டும் சந்தித்துக்கொண்டால் கணக்கு பூஜ்யம். எங்கள் சொசைட்டி மீட்டிங்கில் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து பேசினால் யாருக்கும் ஒன்றும் கேட்காதே, அப்படி. பெட்டி என்பது பொருளாளரை ஓர் அறையில் போட்டுப் பூட்டும் ஏற்பாடு.

பூட்டப்பட்டவர் சும்மா இருப்பாரா? அறை சிறிதானால் முட்டுவார், சத்தம் டமடமவென்று ஒரே சுருதியில் அடிக்கும். அறை ரொம்பப் பெரிதானால் கூம்புக்குப் பிடிமானம் போய்விடும். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் என்பவர், அடைபட்ட அந்தக் காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கலாம் என்று காட்டினார். பீரோ அளவில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகள் புத்தக அலமாரியில் ஏறி உட்கார்ந்தது அதற்கப்புறம்தான். பிறகு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்திலும், ஒரு ஸ்பீக்கரின் ஜாதகத்தையே சில எண்களில் எழுதிவிடலாம் என்று நிரூபித்தார்கள். எஃப்எஸ், வாஸ், க்யூடிஎஸ் என்று மூன்று எண்கள். ராசி, நட்சத்திரம், லக்னம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக்கொண்டு பொருத்தம் பார்த்துத்தான் பெட்டியைக் கட்டிவைக்க வேண்டும். எங்கள் மாப்பிள்ளையின் ஜாதகப்படி, மூடிய பெட்டி என்றால் சுத்தமாக ஒரு கன அடி காற்று. அதாவது 28.3 லிட்டர்.

அக்கா மகன் குழாய் வைத்த பெட்டிதான் வேண்டுமென்று அடம்பிடித்தான். அதுவும் புது வித்தை இல்லை, கடத்தின் வித்தை. பானைக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங், கழுத்தில் இருக்கும் காற்று எடை, இரண்டும் சேர்ந்து ஊஞ்சலாடி ‘கும்’ என்கின்றன. வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்து அழுத்தும்போது சுருதி இறங்குவதும் இதே கணக்குதான். ஆனால் அதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் வேண்டும். இரண்டு கன அடி! மும்பையில்! பையனுக்கு ஊர் நிலவரம் தெரியவில்லை.

நிலவரத்தைச் சொல்கிறேன். என் மாடல் டிசயரின் டிக்கி 378 லிட்டர் என்று எழுதியிருக்கும். என் டிக்கியில் குறுக்கே ஒரு சிஎன்ஜி சிலிண்டர் சேஷசயனத்தில் இருக்கிறது. மீதியிருக்கும் இடத்துக்கு என் மனைவி ஏற்கெனவே பட்டா வாங்கியிருக்கிறாள்: ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கும் வாழையிலைக் கட்டு, தேங்காய், முருங்கைக்காய், பூ. “கேஸ் சிலிண்டர் பக்கத்துல கரண்ட் ஒயர் இழுக்கப் போறீங்களா? ஏங்க, உங்களுக்குப் பாட்டுக் கேக்க வேற வழியே இல்லையா?” என்றாள். கேள்வி நியாயமானது. உள்ளே வாயு 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. ஆகவே ஃப்யூஸை முன்னால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுவது, ஒயரைக் கேஸ் குழாய்க்கு எதிர்ப்பக்கமாக இழுப்பது, டிக்கிக்குள் ட்ரில் மிஷினைக் காட்டவே காட்டாமல் பெட்டியைப் பெல்ட் போட்டுக் கட்டுவது என்று மூன்று வாக்குறுதிகள் கொடுத்து, வலது மூலையில் ஒரு துண்டு நிலம் பெற்றேன்.

மும்பையில் வீடு வாங்கியவர்களுக்கு இனி வரும் கணக்கு சுலபமாகப் புரியும். வெளியே 40 சென்டிமீட்டர், 36, 32 என்று பெட்டி போட்டால் 46 லிட்டர். இது சூப்பர் பில்ட்-அப். பலகை 18 மில்லிமீட்டர் தடிமன். ஆறு பக்கமும் அது தின்றது போக உள்ளே 33.5. இது பில்ட்-அப். பெட்டி நடுங்காமல் இருக்க உள்ளே குறுக்குச் சட்டம், ஸ்பீக்கரின் காந்தம் எல்லாம் சேர்ந்து ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் விழுங்கினால் மிச்சம் அந்த 28.3. இதுதான் கார்பெட் ஏரியா. இடம் கொடுத்ததில் நூற்றுக்கு 61 தான் காற்றின் கைக்கு வருகிறது. ரெரா சட்டம் வந்த பிறகு பில்டர்களே கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி விற்பவர்களை அந்தச் சட்டம் இன்னும் தொடவில்லை. கடைசியில் பெட்டிக்கு மேலே ஒட்டுவதும் கார்பெட்தான்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு தாராவி போனேன். தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே மூன்று சந்து. பத்துக்குப் பத்தில் ஒரு பட்டறை, மரப்படி ஏறினால் மேலே குடித்தனம். மிஸ்திரி திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருடமாக தாராவி. என் மில்லிமீட்டர்களை ஒரு பார்வை பார்த்து, காதிலிருந்து பென்சிலை எடுத்து எல்லாவற்றையும் இன்ச்சாகவும் நூலாகவும் மாற்றினார். எட்டு நூல் ஓர் இன்ச். எம்டிஎஃப் பலகை என்று எழுதியிருந்ததை அடித்தார்.

“அண்ணாச்சி, இந்த ஊர் மழைக்கு அது ஊறவச்ச அப்பளம் மாதிரி உப்பிரும். செவன் டென் ப்ளை போடுதேன்.”

ஐஎஸ் 710 என்பது மெரைன் ப்ளைவுட்டின் தர எண். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த ஊர் இது. தீலும் ஸ்மாலும் மழைக்கு எண் எதுவும் ஒதுக்கவில்லை; மிஸ்திரி ஒதுக்கிவிட்டார். ஒப்புக்கொண்டேன்.

“உள்ள என்ன வைக்கப் போறீங்க?”

“ஒண்ணுமில்லை. காற்று.”

பென்சில் நின்றது. “முப்பது லிட்டர் எடத்தக் காத்துக்கு விடுதீங்களா? இந்தத் தாராவியில அவ்வளவு எடத்துல ஒருத்தன் கடை போட்டுருவாம்லா!”

நாலு நாள் கழித்துப் போனால் பெட்டி தயார். மூலைக்கு மூலை அப்படியொரு பொருத்தம், நகம் நுழையாது. ஆனால் மேலே பித்தளைக் கீல், முன்னால் கொண்டி, பூட்டு மாட்ட வளையம். பின்னால் வரிசையாக ஆறு காற்றுத் துளைகள்.

“மிஸ்திரி, இது திறக்கக் கூடாத பெட்டி.”

“பெட்டின்னா தொறந்து மூடணும்லா அண்ணாச்சி? படத்துல நீங்க கதவு போட மறந்துட்டீங்க. நான்தான் சேத்துப் போட்டேன். காத்துக்குன்னு சொன்னீங்களா, அதான் ஓட்டையும் போட்டேன். அதுக்குக் காசு வேண்டாம்.”

அவருக்கு வில்ச்சூரை எப்படி விளக்குவது? பட்டறை வாசலில் நின்று பொருளாளர் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்ப ஒரு சொட்டுக் காத்து வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான? இத மொதல்லயே சொல்லப்பிடாதா?” என்றார். இரண்டாவது பெட்டிக்கு உள்மூலை எல்லாவற்றிலும் ஃபெவிக்காலை விரலால் வழித்துப் பூசினார். நான்கு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. ஸ்பீக்கர் உட்காரும் வட்டத் துளையை ஜிக்ஸாவால் அவர் அறுத்த அழகுக்குத் தனிக் கச்சேரி வைக்கலாம்.

காற்று கசிகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஸ்பீக்கரை மாட்டி, பாட்டை ஓடவிட்டு, ஊதுபத்தியை இணைப்புகளின் ஓரமாக நகர்த்த வேண்டும். கசிவு இருந்தால் புகை துடிக்கும். ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு பெட்டியை நான் சுற்றிவர ஆரம்பித்ததும் மிஸ்திரி செருப்பைக் கழற்றினார். மேலேயிருந்து அவர் மனைவி விபூதித் தட்டோடு இறங்கி வந்தார். ஓடியது காதல் பாட்டு. அதனாலென்ன, மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். புகை எங்கும் துடிக்கவில்லை.

அன்று மாலை சயான் வழியாக வீடு திரும்பும்போது அந்தத் தடித்த கம்பி முதல்முறையாக என் முதுகுத்தண்டில் அதிர்ந்தது. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.4 மீட்டர். டிசயர் நான்கு மீட்டருக்கும் ஒரு துளி குறைவு. இரண்டு டிசயரை வரிசையாக நிறுத்தினாலும் வால் வெளியே நிற்கும். ஆனாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டால் காருக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் ஒன்றாக அமுங்கி விரிகிறது. சின்ன அறைதான் பேஸுக்கு லாபம். மும்பையில் சின்ன அறையால் நான் அடைந்த ஒரே லாபம் அது.

சந்தோஷம் சேடா நகர் முருகன் கோயில் பக்கம் வரும்வரை நீடித்தது. பேஸ் இறங்கும் ஒவ்வொரு தடவையும் பின்னால் சலங்கை கட்டி யாரோ ஆடினார்கள். இறங்கிப் பார்த்தால் நம்பர் பிளேட். அதன் பின்னால் ரப்பர் வைத்து ஒட்டினேன். சலங்கை டிக்கி மூடிக்குப் போனது. மூடிக்கு உள்ளே தார் ஷீட் ஒட்டினேன். ஜாக்கி ஆட ஆரம்பித்தது. ஜாக்கியைத் துணியில் சுற்றினேன். இப்போது எங்கோ ஒரே ஒரு ஸ்க்ரூ மட்டும் ஆடுகிறது. பாட்டோடு பழகிவிட்டதால் அது இல்லாமல் கேட்டால்தான் ஏதோ குறைகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாழையிலைக் கட்டு பின் சீட்டில் வருகிறது, மாமியார் முன் சீட்டுக்கு மாறிவிட்டார், பாட்டு அணைந்திருக்கிறது. கீல் வைத்த முதல் பெட்டிக்கும் மிஸ்திரியிடம் பாதி விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி அதில் கொலு பொம்மைகளை அடுக்கியிருக்கிறாள். காற்றோட்டம் இருப்பதால் பொம்மைகளுக்குப் பூஞ்சை பிடிக்கவில்லையாம். தசாவதார செட் முழுவதும் போக, செட்டியார் பொம்மைக்கும் அவர் கடைக்கும்கூட இடம் இருந்தது.