மாளிகைச் சாப்பாட்டுக்காரர்

பசி எடுத்தபின் ஹோட்டலைத் தேடுகிறவர்கள் சாமானிய மனிதர்கள். புராதன மாளிகை ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு பசியை வரவழைத்துக்கொள்ளும் விசேஷப் பிரகிருதி ஒருவர் இருக்கிறார். சென்னையிலிருந்தோ கோயமுத்தூரிலிருந்தோ கொச்சிக்கு யாத்திரை வரும் இவரை, மட்டாஞ்சேரி யூதத் தெருவில், சுக்கும் மிளகும் மணக்கும் பழைய கிடங்குகளின் நடுவே, பகல் ஒரு மணி சுமாருக்கு எவரும் தரிசிக்கலாம். தோளில் காமிரா, முகத்தில் சரித்திரம், பின்னால் வாடி வதங்கிய மனைவி மக்கள்: இவையே அவருடைய அங்க லக்ஷணங்கள்.

ஹோட்டலாக மாறிய மாளிகை ஒன்றினுள் நுழைந்ததும் சாப்பாட்டுப் பட்டியலை அவர் கையால் தொடுவதில்லை. விதானத்தைப் பார்ப்பார், வெட்டுக்கல் சுவரை விரலால் தட்டிப் பார்ப்பார், பிறகு பரிசாரகனை அருகே அழைத்து, "தம்பி, இந்தத் தூண் போர்த்துகீசியன் நட்டதா, டச்சுக்காரன் நட்டதா?" என்று விசாரிப்பார்.

"அது அறியில்லா, ஸாரே. கழிக்கான் எந்தா வேண்டே?" என்பான் அவன், சமையற்கட்டையும் குழந்தைகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி.

இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வந்து சேரும். பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சி, கேரளத்தின் சாயாக்கடைகளில்கூடக் கேளாமலே கொடுக்கும் தண்ணீர்தான் அது. நம்மவரோ, ராஜாக்கள் அருந்திய பானம் இது என்று குழந்தைகளுக்கு உபதேசித்து, தாமும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு பருகுவார். உட்காரும் நாற்காலியும் பழையதாக இருக்க வேண்டும் அவருக்கு. பழம்பொருள் கடைகள் வரிசையாக நிற்கும் அந்தத் தெருவில் எந்த நாற்காலி எந்தத் தறவாட்டிலிருந்து வந்தது, எது சென்ற மாதம் தச்சன் இழைத்தது என்பதைக் கண்டறிவது பிரம்ம வித்தையாயிற்றே!

இவருக்கென்றே சமைந்தாற்போன்ற போஜனசாலை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. போர்த்துகீசியர் 1555ஆம் ஆண்டு வாக்கில் கட்டி வீரகேரளவர்ம ராஜாவுக்கு அளித்ததும், பின்னால் வந்து செப்பனிட்ட டச்சுக்காரர் தம் பெயரை ஒட்டிவிட்டுப் போனதுமான மட்டாஞ்சேரி அரண்மனையின் சாப்பாட்டுக் கூடத்தில், செதுக்கு வேலை செய்த மர விதானத்தைப் பித்தளைக் கிண்ணங்கள் அலங்கரிக்கின்றன. ஆனால் அரண்மனை இன்று பொருட்காட்சிசாலை. கிண்ணமெல்லாம் கூரையில், தரையில் ஒரு பருக்கை கிடையாது. அங்கே நின்று அவர் விடும் பெருமூச்சில் பசி எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கட்டடம் கிடக்கட்டும். யூதத் தெருவின் குடும்பங்களில் பெரும்பாலோர், 1948இல் இஸ்ரேல் தோன்றிய பின்னர், வீடுகளை விட்டு அங்கே குடிபெயர்ந்தார்கள். ஃபோர்ட் கொச்சியில் யூதப் பிரமுகர் சாத்து கோடர் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அன்பர்களுக்குத் திறந்து வைத்திருந்த இல்லமும் இன்று தங்கும் விடுதிதான். அந்த வீடுகளில் சமைத்த பெண்மணிகள், இறைச்சியோடு பாலைச் சேர்க்கலாகாது என்ற தங்கள் மத விதியைச் சிறிதும் மீறாமல், கொச்சியின் தேங்காய்ப் பாலைக் கொண்டு குழம்புக்கு வளமூட்டினார்கள். இந்தச் சாமர்த்தியத்தைப் பற்றி நம்மவர் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. தேடுகிற சரித்திரம் தட்டிலேயே ஆவி பறக்க வந்து நிற்கும்போது அவர் தூணைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருப்பார். அப்பமும் இஷ்டுவும் அதற்குள் ஆறிப்போகும்.

கடைசியில் பில் வரும். அதிலே நெய்க்கும் மீனுக்கும் மட்டுமல்ல, நூற்றாண்டுகளுக்கும் விலை போட்டிருக்கும். அந்தத் தொகைக்கு அதே மட்டாஞ்சேரியில் காயிக்காவின் ரஹ்மத்துல்லா ஹோட்டலில் குடும்பம் முழுவதும் பிரியாணி சாப்பிட்டுத் திருப்தியாக எழுந்திருக்கலாம் என்பது அடியேனுடைய அபிப்பிராயம். அங்கே தட்டிப் பார்க்கத் தூண் இல்லையே!

இருந்தாலும் அவரை அதிகமாகப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. இடவப்பாதி மழையில் ஒழுகும் ஓட்டை மாற்றவும், உப்புக் காற்றில் உதிரும் காரையைப் பூசவும் பணம் கொடுப்பவர் அவர்தான். விதானத்தை அண்ணாந்து பார்க்க ஆளில்லாத மாளிகைகள் கிடங்குகளாகவே கிடக்கின்றன. ஆகையால், அவருடன் ஒரே மேஜையில் அமரும் பாக்கியம் உங்களுக்குக் கிட்டினால் குறுக்கே பேசாதீர்கள். கரிமீன் பொள்ளித்தது வாழையிலைக்குள் பதமாவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அவர் தூணைத் தட்ட ஆரம்பிக்கும்போதே அதற்குச் சொல்லிவிடுங்கள்.