மிச்சக் காசுக்கு ஒரு எஸ்எம்பிஎஸ்

முதன்முதலாகச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கிளம்பும் பையன், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கால் வைக்கும் முன்பே கிராபிக்ஸ் கார்டை நிச்சயம் செய்துவிடுகிறான். பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் பொருத்தம் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட் போர்டில் டிடிஆர்5 ராம் மட்டுமே ஏறும். தம்பி பையிலோ அண்ணன் கழற்றிக் கொடுத்த டிடிஆர்4. இரண்டுக்கும் 288 பின்தான். நடுவிலுள்ள வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கும். அமுக்கினால் உட்காராது. இன்னும் அமுக்கினால் புது போர்டு வாங்கலாம்.

கேபினட் விஷயத்தில் மட்டும் ஆராய்ச்சி பலம். எத்தனை ஃபேன்? எத்தனை கலரில் எரியும்? கண்ணாடிக் கதவு உண்டா? ஆசைப்பட்ட கார்டு நீளவாக்கில் உள்ளே அடங்குமா என்று கேட்பவன் அபூர்வப் பிறவி.

எல்லாம் வாங்கி மிஞ்சிய காசுக்குத்தான் எஸ்எம்பிஎஸ். மொத்த மெஷினுக்கும் கரண்ட் கொடுக்கப்போவது அதுதான் என்பது வேறு விஷயம். டப்பாவில் 500 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. கையில் தூக்கினால் கனமே இல்லை.

"இது தாங்குமாண்ணே?"

"பேஷா தாங்கும் தம்பி. கேம் மட்டும் ஆடாதீங்க."