லொகேஷன் அண்ணன்

பூச்சோங்கில் தாமானுக்கு ஒரு லொகேஷன் அண்ணன் இருக்கிறார். பகலில் பரம சாது. பார்க்கிங் கார்டை மறந்துவிட்டு, ஜாகாவிடம் "சாரி பாஸ், சாரி பாஸ்" என்று குழைகிறவர். இரவு மாமாக் கடையில் தே தாரிக் வந்து, கையில் டிக்டாக் லைவும் திறந்துவிட்டால் ஆளே வேறு.

அன்றைக்கு விவாதம், வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பிரிக்பீல்ட்ஸா, கிள்ளானா என்பது. "போன வாரம் கிள்ளானுக்குப் போனேண்ணே, கறியில உப்பு தூக்கல்" என்று ஒரு தம்பி எழுதினான்.

"நீ யார்றா சொல்றதுக்கு?"

"சாப்பிட்டவன்ண்ணே."

"எந்த ஏரியாடா நீ? லொகேஷன் போடு!"

அதோடு உப்பு போச்சு. கிள்ளானும் போச்சு. பதில் இல்லாத இடத்தில்தான் அண்ணனுக்கு லொகேஷன் தேவைப்படும். முதலில் நழுவுவது பெண்கள். அவர்களுக்கு மட்டும் "உன் வீடு எனக்குத் தெரியும்" என்று தனிப் பதிப்பு வைத்திருக்கிறார். மிச்சம் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்கள். ஜெயித்ததாக அண்ணன் இன்னொரு தே தாரிக் சொல்வார்.

தம்பி விடவில்லை. "பூசாட் பண்டார் பூச்சோங் எல்ஆர்டி, கீழ நிக்கிறேன், வாங்கண்ணே." நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது: "எல்டிபி ஜாம்டா. இல்லேன்னா இன்னிக்கு உன் கதை முடிஞ்சிருக்கும்." அப்போது மணி நள்ளிரவு தாண்டி ஒன்று.

சிரிக்கலாம்தான். ஆனால் மிரட்டலை வாங்குகிறவருக்கு யார் ஜாமில் நிற்கும் அண்ணன், யார் நிஜமாகவே வந்து நிற்கும் ஆள் என்று எப்படித் தெரியும்? டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட அ. ராஜேஸ்வரி, இணையப் பகடிவதைக்கு ஆளாகி, போலீசில் புகார் கொடுத்த கையோடு 2024 ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கில் ஒருவருக்குக் கிடைத்தது 100 வெள்ளி அபராதம். அந்தச் சட்டப் பிரிவில் அதுதான் உச்சம்! நாடே கொதித்தது. 2025 ஜூலை 11 முதல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் நடப்புக்கு வந்துவிட்டன. மிரட்டித் துன்புறுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. தற்கொலைக்குத் தூண்டினால் 10 ஆண்டு வரை.

ஆகவே, அண்ணன் உங்களிடம் லொகேஷன் கேட்டால் கொடுக்காதீர்கள், கமெண்ட்டை அழிக்கவும் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்யுங்கள்.