நான்காவது பைட்டுக்கு இடமில்லை

உலக எழுத்துகள் அனைத்தையும் ஒன்று முதல் நான்கு பைட்டுகளுக்குள் குறிக்கும் முறையே யுடிஎஃப்-8 எனினும், இணையச் செயலிகளின் தரவுகளைச் சேமித்துவைக்கும் மைஎஸ்க்யூஎல் என்னும் மென்பொருள், ‘யுடிஎஃப்8’ என்ற அதே பெயரில், மூன்று பைட்டுகளுக்கு மேல் இடம் தராத ஒரு வகையைப் பல்லாண்டுகள் வழங்கிவந்தது. தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட்டுகளே கேட்பதால் திருக்குறள் முழுவதும் அதில் சேதாரமின்றி அடங்கும். ஆனால் ‘சேவை அருமை’ என்று கிண்டலாகத் தொடங்கும் வாடிக்கையாளரின் புகாரில், அடுத்ததாக நான்கு பைட்டு கொண்ட இமோஜி என்னும் முகக்குறி ஒன்று வந்துவிட்டால், பொருந்தாத தரவை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட தரவுத்தளம் அக்குறியையும் அதன் பின்னுள்ள புகாரையும் வெட்டிவிட்டு, பாராட்டை மட்டும் பத்திரப்படுத்தி, எவரும் படிக்காத எச்சரிக்கை ஒன்றைப் பதிந்துவிட்டு அமைதிகாக்கும். காணாமற்போன பின்பாதியைத் தேடும் நிரலாளரோ படிவம், உலாவி, இணைய இணைப்பு ஆகியவற்றோடு பயனரின் நேர்மையையும் ஐயுற்று முடித்த பின்னரே அந்த எச்சரிக்கையை அடைகிறார். 2010இல் வந்த 5.5.3 பதிப்பு நான்கு பைட்டுகளையும் ஏற்கும் ‘யுடிஎஃப்8எம்பி4’ வகையைத் தந்தபோது, குறையுடையது பழைய பெயரிலேயே நீடிக்க, நிறைவானதுதான் வாலொன்று ஒட்டிய பெயரைச் சுமக்க வேண்டியதாயிற்று.