தவணைக்கிழமை: பூநகரியில் ஒரு பிளக்-இன் ஹைபிரிட் காரின் ஆறாம் வேற்றுமை நிலை பற்றிய முதனிலை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கார் ஓடுகிறது. திறவுச்சொற்கள்: கார், கரண்ட், காசு, மேலும் காசு.

1. ஆய்வு இடைவெளி

பூநகரியில் ஆராயப்படாமல் மிஞ்சியது அதிகமில்லை. போர்த்துக்கேயர் காலத்துக் கோட்டையை ஆராய்ந்தாயிற்று. மொட்டைக்கறுப்பன் அரிசியை ஆராய்ந்தாயிற்று. கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடுகளையும் பிராமி எழுத்துகளையும் தேடித் திரிந்த பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993இலேயே பூநகரித் தொல்பொருளுக்கென்று தனி நூல் எழுதிவிட்டார். ஆனால் வாடியடிச் சந்தியில் காரை நிறுத்தியதும் காதில் விழுகிற முதற் கேள்விக்கு ஆய்வுலகம் இன்னும் வாய் திறக்கவில்லை.

"அண்ணை, இது கரண்டிலயோ பெற்றோலிலயோ ஓடுது?"

"இரண்டிலையும்" என்றேன்.

"அப்ப இரண்டுக்கும் காசோ?" (வாய்மொழித் தரவு 1. தகவலாளி பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். பிளேன்ரீக் காசு ஆய்வாளர் செலவு.)

இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. ஆய்வு இடைவெளி என்பது வேறொருவர் இன்னும் தன் பெயரைப் போடாத இடம் என்பதைப் பல்கலைக்கழகம் போனவர்கள் அறிவார்கள். மாதிரி அளவு ஒன்று. அது போதாது என்று புள்ளியியலாளர் சொல்லக்கூடும். லீசிங்காரர் ஒன்றுக்குமேல் தரவில்லை.

2. சொல்லாய்வு

பெற்றோல் எஞ்சின், மின்மோட்டார், கொஞ்சம் பெரிய பற்றரி ஆகிய மூன்றும் ஒரே காருக்குள் இருக்கும். பற்றரியை வீட்டுச் சுவரில் செருகி ஏற்றலாம். ஏற்றியது தீர்ந்ததும் எஞ்சின் கையேற்கும். நாடெங்கும் ஓடுகிற அக்குவா, வெசல் வகையறாவும் ஹைபிரிட்தான், ஆனால் அவை சுவரைத் தொடுவதில்லை. விஷயம் இவ்வளவே. நாலு வசனத்தில் சொல்லி முடித்ததற்காகத் துறைசார் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

பிளக்-இன் ஹைபிரிட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது என்பது தனிப் பிணக்கு. 'செருகு கலப்பூர்தி' என்றால் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள். 'மின்னேற்றக் கலப்பியங்கி' என்றால் மறு சாரார் வெளிநடப்புச் செய்வார்கள். கலைச்சொற்குழு கூடித் தேநீர் இடைவேளைக்குப் பின் ஒரு முடிவுக்கு வரும்போது கார் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

வேர்ச்சொல் ஆய்வில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. 'லீஸ்' என்பது நம் 'இலேசு'. கையெழுத்து வைக்கும்போது இலேசாக இருப்பதால் வந்த பெயர், முதலெழுத்து கெட்டு நின்றது. 'ஹைபிரிட்' என்பது 'ஐ-பிரி', அதாவது ஐந்து வருடமாகப் பிரித்து அறுபது தவணையில் கட்டுவது. 'பிளக்' என்பதற்கு விளக்கமே வேண்டாம், அது எதைப் பிளக்கிறது என்பதை மாத முடிவில் கண்டுகொள்ளலாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இதைவிட மெலிந்த சான்றுகளின்மேல் மாநாட்டு மலர்கள் வந்திருக்கின்றன, எழுதியவர்களுக்குப் பொன்னாடையும் விழுந்திருக்கிறது.

3. முதலில் செய்தது யார்?

1900இல் பெர்டினன்ட் போர்ஷே பெற்றோலையும் மின்சாரத்தையும் ஒரு வண்டியில் பூட்டிக் காட்டினார் என்பார்கள். கலிபோர்னியாவில் பேராசிரியர் அன்ட்ரூ ஃபிராங்க் மாணவர்களை வைத்துச் செருகி ஏற்றும் கார்களைச் செய்தார் என்பார்கள். சீனாவின் பிவைடி நிறுவனம் 2008 டிசம்பரில் எஃப்3டிஎம் என்ற காரை விற்பனைக்கு விட்டது, அமெரிக்காவின் செவ்ரொலே வோல்ட் 2010 டிசம்பரில் வந்தது என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இவர்களில் ஒருவரும் தொண்ணூறுகளில் வன்னிப் பக்கம் வந்ததில்லை.

பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் மருந்துபோல, அளந்துதான் கிடைக்கும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, ஆகவே பற்றாது. அப்பா ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். மோட்டார்சைக்கிளின் கார்பரேற்றருக்குள் சில துளி விட்டு உதைப்பார். எஞ்சின் இருமும், பிறகு பிடிக்கும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார். பின்னால் வெள்ளைப் புகை, முன்னால் அப்பா, நடுவில் நான். விலைகூடிய எரிபொருளில் கிளம்பி மலிந்ததில் ஓடுவது, நிலைமைக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது: ஹைபிரிட் இலக்கணத்தில் இதற்குமேல் என்ன இருக்கிறது? பிளக் எங்கே என்று கேட்கக்கூடும். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் வயர் கொழுவி வானொலி கேட்டோம். காலை எடுத்தால் செய்தி நின்றுவிடும். அதுதான் பிளக். (அப்பாவின் மருந்துப் போத்தல், மூடி இழந்த பிரதி, லேபல் பக்கம்: 'நாளொன்றுக்கு மூன்று வேளை'.)

தொல்லியற் சான்றும் உண்டு. எங்கள் முற்றத்தில் கார் நிறுத்தத் தரை வெட்டியபோது நான் செய்த மண்ணடுக்காய்வு வருமாறு. மேலடுக்கில் மழையில் ஊறிய கியூஆர் அட்டை ஒன்று. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 என்று அளந்த காலம். அதன் கீழே ஒன்றுமேயில்லாத வெற்றடுக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், பழைய கார்கள் வாங்கிய விலைக்குமேல் விற்றன, புதிதாக எதுவும் மண்ணில் விழவில்லை. அதற்கும் கீழே மண்ணெண்ணெய் மணக்கும் கறுப்புத் துணி, கூடவே உடைந்த 15 அம்பியர் பிளக் தலை ஒன்று. அதன் காலத்தை நிறுவ ஆய்வுகூடத்துக்கு அனுப்ப எண்ணியிருந்தேன், மாமி எடுத்து எறிந்துவிட்டா.

பிவைடிக்காரருக்கு இன்னொரு குறிப்பு. நீங்கள் காரை விற்பனைக்கு விட்ட 2008 டிசம்பரில் பூநகரியில் அதை வாங்க ஆளில்லை. அதற்கு முந்திய மாதமே பூநகரி போரில் விழுந்திருந்தது. சனம் உழவு மெசின் பெட்டிகளில் சட்டிபானையோடு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த அடுக்கை நான் தோண்டவில்லை.

4. கிழமை

ஆய்வின் மையத்துக்கு வருகிறோம். 'என் கார்' என்று சொல்லலாமா?

ஆறாம் வேற்றுமை உடைமையைக் குறிக்கும், அதை இலக்கணகாரர் கிழமை என்பர். நன்னூலார் அதைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டாகப் பிரித்தார். சாத்தனது கை தற்கிழமை, வெட்டினாலொழியப் பிரியாது. சாத்தனது வீடு பிறிதின்கிழமை, விற்றால் பிரியும். மயிலைநாதர் உரை எழுதினார், சங்கரநமச்சிவாயர் விருத்தியுரை எழுதினார், அதைச் சிவஞான முனிவர் திருத்தினார், எங்கள் நாவலர் காண்டிகையுரை கண்டார். இத்தனை பேர் கைபட்டும் சாத்தன் ஒருமுறையாவது லீசிங் எடுத்ததாகக் குறிப்பில்லை. கைகால், வீடு, வயல் எல்லாம் சாத்தனுக்குக் கடனில்லாமல் இருந்திருக்கிறது. தமிழ் இலக்கணத்தின் அடிப்படைக் குறைபாடு இதுவே.

என் காரின் பதிவுப் புத்தகத்தில் இரண்டு உரிமையாளர். 'முழு உரிமையாளர்' நிதிக் கம்பனி. 'பதிவு உரிமையாளர்' நான். முழு உரிமையாளர் காரை இதுவரை பார்த்ததில்லை. நான் கழுவுகிறேன், காற்றடிக்கிறேன், முழுக் காப்புறுதி கட்டுகிறேன், வெயிலில் நின்றால் பற்றரி கெடுமென்று பழைய சேலையால் மூடுகிறேன். தற்கிழமையா? தவணை தவறினால் பிரியும், ஆகவே அல்ல. பிறிதின்கிழமையா? நான் விற்க முடியாது, ஆகவே அதுவும் அல்ல. எனவே மூன்றாவதொரு கிழமையை முன்மொழிகிறேன்: தவணைக்கிழமை. உடையவனும் உடைமையும் வேறுவேறாய் நின்று, மாதத்தில் ஒருநாள் மட்டும் பற்றுச்சீட்டால் ஒன்றாவது. கிழமை என்ற சொல்லுக்கு நாள் என்றும் பொருளிருப்பது தற்செயல் என்று நினைப்பவர் தமிழை அறியாதவர். எனக்கு அந்த நாள் பதினைந்தாம் திகதி.

தவணைக்கிழமை மூவகைப்படும்: கட்டியது, கட்டப்போவது, கட்டாமல் விட்டது. மூன்றாவதைப் பற்றி இரவில் எழுத எனக்கு விருப்பமில்லை.

முதலாவதில் நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. ஏழு தவணை கட்டியாயிற்று, காரில் எந்தெந்தப் பாகம் எனக்கு வந்தது? அறுபதில் ஏழு என்று கணக்கிட்டு முன்சில்லு ஒன்றையாவது உரிமை கோரலாம் என்றிருந்தேன். லீசிங் கந்தோரில் பொறுமையான ஒரு தங்கச்சி அட்டவணையைத் திருப்பிக் காட்டினா. தொடக்கத் தவணைகளில் பெரும்பகுதி வட்டி. முதல் மெல்லத்தான் கரையும். அன்று மாலை கொப்பியும் பேனையும் எடுத்துப் போய்க் காரைச் சுற்றிவந்து நான் அளந்த அளவில் எனக்குச் சொந்தமானவை: இடப்பக்கக் கண்ணாடி, இரண்டு வைப்பர், டிக்கிக்குள் விரித்திருக்கும் கம்பளத்தில் முக்கால். (எட்டாந்தவணைக்குப் பிந்திய திருத்திய பதிப்பில் கம்பளம் முழுமையாக்கப்பட்டது. காண்க: ஆய்வாளரின் பால்கணக்குக் கொப்பி, பின்னட்டை உட்புறம், வாய்ப்பாட்டுக்கு மேலே, கரிக்கோலால், மகன் கீறிய யானைக்கு இடப்பக்கம்.)

இதனினும் சிக்கலானது: பற்றரி அவர்களுடையது, அதற்குள் இருக்கும் கரண்ட் நான் காசு கட்டியது. அப்படியென்றால் அவர்களது பாத்திரத்தில் எனது சோறு. காரைப் பறிக்க வந்தால் கரண்டை வடித்து எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா என்பது சட்டவியலாருக்கு உரியது. மத்திய வங்கி காருக்கு ஒரு விகிதம், ஓட்டோவுக்கு ஒன்று, வர்த்தக வாகனத்துக்கு ஒன்று என்று விலையில் எவ்வளவு கடன் கொடுக்கலாமெனப் பகுத்து வைத்திருக்கிறது. தொல்காப்பியருக்குப் பின் வந்த பெரிய பகுப்பாளர் அவர்கள்தான். கரண்ட் பற்றி அவர்களும் பேசவில்லை.

இந்தப் பகுதி முழுவதையும் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டா. "கார் அவங்கட, தம்பி. கழுவுறதுதான் நீங்கள்" என்றா. மதிப்பாய்வாளர் கருத்தாக இதை ஏற்றுக் கட்டுரையில் சேர்த்துள்ளேன்.

5. செருகலியல்

காரோடு வந்தது சதுர முள்ளுப் பிளக். எங்கள் குசினிச் சுவரில் இருப்பதோ பழைய உருண்டை முள்ளு. சுவர்ப் பக்கமிருந்து அதை ஆராய்ந்த வயர்மேன் பெருமூச்சு விட்டார். நடுவில் ஒரு அடப்டர் போட்டால் முதல் நாளே உருகும், தனி வயர் இழுங்கோ என்றார். இழுத்தோம். இரவு பத்து மணிக்குச் செருகினால் விடிய மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் நிறையும். 10 அம்பியர், 230 வோல்ற், மணிக்கு 2.3 அலகு, ஒரு நிறைப்புக்குச் சுமார் 12 அலகு. பதினைந்து இரவு செருகினால் 180. வீட்டு மின்கட்டணத்தில் கடைசிப் படி 180க்கு மேலேதான் தொடங்குகிறது. ஆகவே பதினாறாம் இரவில் கார் எங்களைப் பணக்காரர் வரிசையில் ஏற்றி உட்கார்த்திவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியும் விளக்கும் சேர்ந்தால் பத்தாம் இரவிலேயே.

கார் ஏறிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் மோட்டர் போட்டால் ட்ரிப் சுவிச் விழும். விழுந்தால் மனைவி ரோச் லைற்றோடு வந்து நிற்பார். அந்த முகத்தை வருணிக்கக் கலைச்சொல் இல்லை.

சுற்றாடல் பற்றி ஒரு வரி: கரண்டில் ஓடும்போது என் கார் புகை விடாதென்று பெருமைப்பட்டேன், அந்தப் புகையின் குழாய் நுரைச்சோலையில் இருக்கிறது, 900 மெகாவாட், நிலக்கரி.

இனிப் பெப்ரவரிக் கோட்பாடு. 2025 பெப்ரவரி 1இல் தனியார் வாகன இறக்குமதி திறந்தது. 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்னார். அதே மாதத்தில் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை போடவிருந்த அதானி நிறுவனம் திட்டத்தைவிட்டு விலகியது. கார் வருகிறது, கரண்ட் போகிறது, காற்று மட்டும் இங்கேயே நிற்கிறது: மூன்றும் ஒரே மாதத்தில். தொடர்பில்லாத மூன்றை அடுக்கித் 'தொடர்பு' என்று தலைப்பிட்டால் அது ஆய்வு. (குரங்குத் தரப்பு விளக்கம் கோரப்பட்டது, பதில் வரவில்லை. ஒப்பிடுக: எங்கள் வீட்டுக்கூரைக் குரங்கு, வாய்மொழி மறுப்பு, மாமரத்து மேற்குக் கிளை, அமர்வு 2, பாதியில் எழுந்து சென்றது.)

6. கள ஆய்வு

யாழ்ப்பாணம் போகும்போது 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் வரை கார் சத்தமில்லாமல் போகும். பாலத்தின் நீளம் 288 மீற்றர். சோளகக் காலத்தில் கடல்நீரேரிக் காற்று கதவைத் தள்ளும், பற்றரி முள்ளு இறங்கும், பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எஞ்சின் விழித்துக்கொள்ளும். பின்னால் இருக்கிற மாமி, "இப்ப எங்கட காசோ, அவங்கட காசோ?" என்று கேட்பா. எரிபொருள் மாற்றத்தைக் கருவியில்லாமல் இவ்வளவு துல்லியமாக அறிகிறவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

7. ஒலிப்பியல்

கார் ஜப்பானில் பிறந்தது, 2018இல் இங்கே பதிவானது, இன்னும் தாய்மொழியை விடவில்லை. சாவி போட்டதும் ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொல்லும்: "ஈ.ரி.சி. காடோ கா ஸோன்யூ சரேத்தே இமசென்." அதிவேக வீதியில் சுங்கம் செலுத்தும் அட்டை செருகப்படவில்லை என்று பொருளாம். கேரதீவிலிருந்து முழங்காவில் வரை சுங்கவாசல் ஒன்றுமில்லை, ஆனாலும் ஒவ்வொரு காலையும் அறிவிப்பாள்.

மாமியின் காதில் அதில் ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுந்தது. யாரோ ஒரு பிள்ளை, புது இடம், தெரியாமல் கேட்கிறாள்: "காடோ?"

"காடில்லை பிள்ளை, பூநகரி" என்று முதல் மாதம் முழுக்க மாமி பதில் சொல்லிக்கொண்டு வந்தா. (பதிவு: கையடக்கத் தொலைபேசி, கோப்பு 1 முதல் 26 வரை. பின்னணியில் சேவல், கோப்பு 14இல் சேவல் மட்டும்.)

நேற்றிரவு கரண்ட் போனது. பற்றரி பாதியில் நின்றது. பதினைந்தாம் திகதிக்கு இன்னும் இரண்டு நாள். விடியக் காரை எடுத்தேன். அவள் வழமைபோல் கேட்டாள்.

மாமி கொஞ்ச நேரம் யோசித்தா.

"ஓம் பிள்ளை" என்றா. "காடுதான்."